பழைய மடிக்கணினி சொல்லும் சேதி



வேலைக் களைப்போடு உட்கார்ந்து வானொலியைத் திருப்பியிருக்கும் பெற்றோர்களுக்கும், பக்கத்தில் இருந்து கேட்கும் பிள்ளைகளுக்கும் இன்று நாம் சொல்லவிருப்பது, உங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும் பழைய மடிக்கணினியைப் பற்றியது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடம் வீட்டுக்கு வந்தது. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளை நாங்கள் அறிவோம். அந்த நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் தீபாவளிக்கென்று சேர்த்த பணத்தை எடுத்தும், பட்டணத்தில் வேலை செய்யும் தம்பியிடமோ மைத்துனரிடமோ கேட்டும் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி வைத்தன. வாங்கும்போதே அது நான்கைந்து ஆண்டுகள் உழைத்த கணினி. இன்று அதற்குப் பத்து வயது ஆகியிருக்கும். பத்து வயது என்பது மனிதருக்குப் பிள்ளைப் பருவம். மடிக்கணினிக்கோ தள்ளாத முதுமை.

அந்தக் கணினி ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? ‘அவ்வளவுதான், போச்சு’ என்று சொல்லி அலமாரியின்மேல் ஏற்றி வைத்துவிடுகிறோம். இல்லையென்றால், கடைக்காரர் கேட்ட தொகையைக் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுகிறோம். செம்பனை ஆலையில் எஞ்சின் நின்றால் பிட்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எஞ்சினையே மாற்று என்று அவர் சொல்வதில்லை. காதைக் கொடுத்துக் கேட்பார். எண்ணெய் வருகிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். மடிக்கணினியும் அப்படிப் பல உறுப்புகள் சேர்ந்த ஓர் இயந்திரமே. எல்லா உறுப்புகளும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. கெடுவதற்கு முன் பெரும்பாலானவை நமக்குச் சேதி சொல்லவும் செய்கின்றன.

முதலில் ஒரு கேள்வி. அந்தக் கணினியில் விலைமதிப்புள்ள பொருள் எது? திரையா, விசைப்பலகையா? இரண்டும் இல்லை. உள்ளே சேமித்து வைத்திருக்கும் பிள்ளையின் பாட வேலைகள், சான்றிதழ்களின் படிவங்கள், காலமான பாட்டியின் புகைப்படங்கள் ஆகியவையே விலைமதிப்புள்ளவை. திரை போனால் வேறு திரை வாங்கலாம். பாட்டியின் படம் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இவையெல்லாம் தங்கியிருக்கும் இடம் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இது உண்மையாகவே ஒரு தட்டுதான். பளபளப்பான வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ, நிமிடத்திற்கு 5,400 சுற்று வேகத்தில் சுழல்கிறது. அதன்மேல் ஒரு சின்னஞ்சிறு முனை, தட்டைத் தொடாமல் மிதந்தபடியே எழுத்துகளைப் படிக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் இடையில் இருக்கும் இடைவெளி, நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு! 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இப்படிப்பட்ட முதல் கருவியை வெளியிட்டபோது, அதில் 24 அங்குல அகலமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய கருவியில் ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்று பிள்ளை கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த அளவுக்கு இடம் பிடித்துக்கொள்ளும்.

இடைவெளி இவ்வளவு நுண்மையாக இருப்பதால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தாலும், மேசை பலமாக ஆடினாலும், முனை தட்டில் உரசிவிடலாம். அடிபடாமலே வயதாகித் தளர்ந்துபோவதும் உண்டு. அப்போது அது குரல் கொடுக்கும். சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு தாயார் வந்தார். பால்வெட்டு முடித்து நேரே வந்தவர். மகள் ஐந்தாம் படிவம்; எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன.

“சார், நேத்து ராத்திரியிலேர்ந்து உள்ளுக்குள்ள டிக் டிக்குன்னு சத்தம். மூடி மூடித் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாத்தான் வருது.”

“அம்மா, இனி அதைத் திறக்கச் சொல்லாதீங்க. பாப்பாவோட பாடமெல்லாம் வேற எங்கயாவது இருக்கா?”

“அதுலதான் சார், எல்லாம் அதுலதான்.”

நேயர்களே, அந்த ‘டிக் டிக்’ ஓசையைக் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணினியை அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது, கால் முறிந்தவரை எழுந்து நடக்கச் சொல்வதைப் போன்றது. வன்தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்த மறுநொடியே உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இன்னும் சிலர் துணிந்து மூடியைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஒரு தூசு விழுந்தாலும் போதும். பிறகு அதை மீட்பது மிகவும் கடினமாகிவிடும்.

அந்தப் பெண்ணின் கணினியிலிருந்து வன்தட்டைக் கழற்றி எடுத்தோம். பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் அடிப்பக்கத்துத் திருகாணிகளை அவிழ்த்தால் அது கைக்கு வந்துவிடும். வன்தட்டை வைப்பதற்கென்றே சிறிய பெட்டி ஒன்று கணினிக் கடைகளில் கிடைக்கிறது. அதில் பொருத்தி வேறொரு கணினியில் இணைத்தால், பென்டிரைவைப்போலவே திறந்து பார்க்கலாம். அங்கே நாம் கவனித்த ஒழுங்கு முக்கியமானது. பெரிய கோப்புகளை முதலில் தொடவில்லை. பாட வேலைகளையும் சான்றிதழ்களையும் முதலில் எடுத்தோம், அடுத்து புகைப்படங்கள். திரைப்படங்களையும் பாட்டுகளையும் விட்டுவிட்டோம். சாகும் தறுவாயில் இருக்கும் வன்தட்டு இன்னும் எத்தனை நிமிடம் ஓடும் என்பது யாருக்கும் தெரியாது. வீடு தீப்பற்றினால் முதலில் பிள்ளையைத் தூக்குவோம், பிறகுதான் பாயும் தலையணையும்! அன்று பாடங்கள் அனைத்தும் கிடைத்தன. புகைப்படங்களில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதன் பிறகு அந்த வன்தட்டு அசையவே இல்லை.

ஆகவே, கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கியமானவற்றுக்கு மறுபிரதி எடுத்து வைப்பது அறிவுடைமை. விரலி என்று நாம் சொல்லும் பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இருந்தால் நிம்மதி. பென்டிரைவில் மட்டும் வைத்துவிட்டுக் கணினியிலிருந்து அழித்துவிட்டால் அதற்குப் பெயர் மறுபிரதி அன்று. இடம் மாறிய ஒரே பிரதி, அவ்வளவே. வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் இலவச நிரல்களும் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்பது அவற்றுள் ஒன்று. நீல நிறம் காட்டினால் நலம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் அன்றைக்கே மறுபிரதி எடுத்தாக வேண்டும்.

புதிய வன்தட்டு போடுவதானால், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையைப் போடுங்கள். திறப்பதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கும் அளவுக்கு மெதுவாக இருந்த கணினிகூட அதைப் போட்டதும் ஓடத் தொடங்கும். பழைய கணினிக்குச் செலவு செய்வதில் மிகுந்த பலன் தருவது இதுவே என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒன்று: எஸ்.எஸ்.டி. ஓசை எழுப்புவதில்லை. அது சாகும்போது பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும். மறுபிரதி அதற்கும் வேண்டும்.

அடுத்து, சூடு. கணினியின் மூளையாகிய செயலி, வேலை செய்யச் செய்யச் சூடேறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு சிறு விசிறியும், செம்பினால் ஆன குழாயும், மெல்லிய உலோகத் தகடுகளும் உள்ளே இருக்கின்றன. நம் தோட்டத்துச் செம்மண் தூசியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஒரு லோரி போனால் கொடியில் காயும் துணியே நிறம் மாறிவிடுகிறது. அந்தத் தூசியோடு பூனை முடியும் பஞ்சும் சேர்ந்து, தகடுகளுக்கு நடுவில் கம்பளி விரித்ததுபோல் அடைத்துக்கொள்ளும். விசிறி இரைச்சலிடும்; காற்று வராது. செயலியின் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி பட்டென்று அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ‘ஏதோ பேய் பிடித்திருக்கிறது’ என்று ஒரு மாணவன் எங்களிடம் சொன்னான். பேய் இல்லை, தூசிதான்.

மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்துப் படிக்கும் பழக்கத்தை விட வேண்டும். காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. மெத்தை அவற்றை மூடிவிடும். ஒரு பலகைத் துண்டுகூடப் போதும். தூசியை ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும். செயலிக்கும் உலோகத்துக்கும் நடுவில் பூசியிருக்கும் பசை ஆண்டுகள் பல ஆனதும் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுவதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுவது நலம்.

இனி பேட்டரி. இந்தப் பகுதியைப் பெற்றோர்கள் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டும். மற்றப் பழுதுகளில் போவது பணம், இதில் உயிருக்கே ஆபத்து உண்டு. மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கப் பாடுபட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான பொருள்தான், ஆனாலும் அதற்கும் ஆயுள் உண்டு. முழுதாக ஏற்றி முழுதாகத் தீர்ப்பதை ஒரு சுற்று என்று கொண்டால், பெரும்பாலும் 300 முதல் 500 சுற்றுகளுக்குப் பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கிவிடும். நான்கு மணி நேரம் நின்றது அரைமணி நேரம்தான் நிற்கும். அதனால் ஆபத்தில்லை. சார்ஜரைச் செருகியே வேலை பார்க்கலாம்.

ஆபத்து எதில் இருக்கிறது? பேட்டரி உப்புவதில். உள்ளே இருக்கும் இரசாயனம் சிதைந்து வாயுவாக மாறும். பேட்டரி தலையணைபோல் வீங்கும். கணினியை மேசைமேல் வைத்தால் ஒரு மூலை ஆடும். சுட்டியை நகர்த்த விரலால் தடவுகிற பட்டை மேலே எழும்பி அழுத்த வராது. மூடி சரியாகப் பொருந்தாது. இவற்றுள் எதைக் கண்டாலும் அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். வீங்கியதை அமுக்கிச் சமமாக்கப் பார்ப்பதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றப் பார்ப்பதும் தீயை நாமே அழைப்பதாகும். லயத்து வீடுகளில் பலகைச் சுவர் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு வீட்டில் பிடித்தால் வரிசைக்கே பரவும். கணினியைச் சிமெண்டுத் தரையில், துணியும் தாளும் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, விரைவில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். புகை வந்துவிட்டால் பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. எல்லாரும் வெளியே வந்து 999 எண்ணை அழைக்க வேண்டும். பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும் பழைய கணினிகள் நிறைய உண்டு. ஆகையால் கழற்றிய அன்றே புதியது வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

சார்ஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழையது போய் வேறு வாங்கும்போது அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். பழையதில் 19 வோல்ட் என்றிருந்தால் புதியதிலும் 19 வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது. முனை துளைக்குள் போகிறது என்பதற்காகச் சொந்தக்காரர் வீட்டுச் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது நல்லதன்று. மாலையில் இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையே பிடுங்கிவிட வேண்டும்.

சரி, கணினி திறக்கவே மறுக்கிறது. விசையை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. அப்போது என்ன செய்வது? முதலில் சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வேறு சுவர்த்துளையில் செருகிப் பாருங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, வெளியே எடுக்கக்கூடிய பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, திறக்கும் விசையை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். மறுபடி சார்ஜரை மட்டும் செருகித் திறந்தால் சில கணினிகள் உயிர் பெற்றுவிடும்.

விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறது என்றால், இருட்டில் கைவிளக்கைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் கம்பி வழியாக இணைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கே படம் வந்தால் கணினி நலமாக இருக்கிறது என்று பொருள். அதைத் தொலைக்காட்சியோடு வைத்தே பிள்ளை படிக்கலாம்.

‘பீப் பீப்’ என்று ஓசை எழுப்பித் திறக்க மறுக்கும் கணினியும் உண்டு. ஓசைகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். நினைவகம், அதாவது ராம் என்னும் சிறு பலகை, தன் துளையில் சரியாகப் பதியாததுதான் பல வேளைகளில் காரணம். பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, பலகையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி செருகினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பாலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று சொல்ல ஆசைதான். ஆனால் இப்போதைய அழிப்பான்களில் பலவும் நெகிழியில் செய்யப்படுபவை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? பக்கத்துப் பட்டணத்துக் கடை ஒன்றில், இதே பழுதுக்குத் ‘தாய்ப்பலகை போய்விட்டது, 600 வெள்ளி’ என்று ஒரு தந்தையிடம் சொன்னார்கள். அவர் அரைமாதச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, கணினியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ராம் பலகையைத் துடைத்துச் செருகியதும் திறந்துகொண்டது. எல்லாக் கடைக்காரர்களும் அப்படியில்லை. நேர்மையாகச் சொல்லி, வெறும் கைக்கூலி மட்டும் வாங்கியவரும் அதே தெருவில் இருக்கிறார். ஆகவே கடைக்குப் போனால் கேட்டுவிடுங்கள்: எந்த உறுப்பு போயிருக்கிறது, அதை எப்படிச் சோதித்தீர்கள், கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவீர்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். கணினியைக் கொடுக்கும் முன், உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்கக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சின்னப் பழுதுகளும் பல உண்டு. விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாவிட்டால் வெளியிலிருந்து வேறொரு விசைப்பலகையைச் செருகிக்கொள்ளலாம். தேநீர் கொட்டிவிட்டால் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம்போல் கவிழ்த்து வைத்து, உள்ளே காய்ந்த பிறகே திறக்க வேண்டும். மூடியின் கீல் இறுகிவிட்டால் ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். இல்லையேல் உறை பிளந்து திரைக்குப் போகும் கம்பியும் அறுந்துவிடும். இன்னொன்று வேடிக்கையானது. கணினியின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடும்; இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று பிள்ளை அழும். உண்மையில், தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கென்று இருக்கும் காசு வடிவ மின்கலம்தான் தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகை, சில வெள்ளிதான் விலை.

தாய்ப்பலகையே எரிந்துபோனால்? அப்போது பழைய கணினிக்கு மேலும் பணம் கொட்டுவதில் பொருளில்லை என்றே நாங்கள் சொல்வோம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 மிகப் பழைய செயலிகளை ஏற்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கும் பழைய கணினியானால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம். தாய்ப்பலகை போன கணினியிலும் வன்தட்டு, ராம், சார்ஜர், திரை ஆகியவை உயிரோடு இருக்கலாம். அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கு அவை பயன்படும்.

பழைய சாமான் வாங்கும் லோரிக்காரரிடம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடையாள அட்டையின் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கக்கூடும். பேட்டரியைத் தனியே எடுத்து, அதன் முனைகளில் பசைநாடாவை ஒட்டி, மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். லயத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் குழியில் மட்டும் அதைப் போட வேண்டாம். அந்தக் குழியைச் சுற்றித்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.